செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: யுஎஸ்எம்எல்இ எப்போது எழுதுவது?

சிஆர்ஆர்ஐ, அதாவது எம்பிபிஎஸ் கடைசியில் வரும் ஒரு வருஷ இன்டர்ன்ஷிப், சேர்ந்த கொஞ்ச நாளில் ஜூனியர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அக்கா, ஸ்டெப் 2 எப்போ எழுதலாம்?" நான் பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்பேன், "எந்த வருஷ மேட்சுக்கு?" மேட்ச் என்றால் அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர் இடங்களை வருஷத்துக்கு ஒருமுறை ஒதுக்கும் முறை, ஸ்டெப் 2 அதற்காக எழுத வேண்டிய யுஎஸ்எம்எல்இ தேர்வின் ஒரு படி. பாதிப் பேரிடம் என் கேள்விக்கு விடை இருக்காது. படித்து முடித்ததும் எழுதலாம், ஸ்கோர் வந்ததும் அப்ளை பண்ணலாம் என்ற கணக்கில் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நம் பரீட்சைப் பழக்கம் அப்படி. தேதியைப் பல்கலைக்கழகம் அறிவிக்கும், நாம் போய் எழுதிவிட்டு வருவோம். யுஎஸ்எம்எல்இ-யில் தேதியை நாமே வைத்துக்கொள்ள வேண்டும், வருஷத்தில் ஏறக்குறைய எந்த நாளும் வைத்துக்கொள்ளலாம், அந்தச் சுதந்திரமே நிறையப் பேரைக் கவிழ்த்துவிடுகிறது.

அமெரிக்காவில் ரெசிடென்சி செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும், இன்னும் எதையும் தொடங்காத எம்பிபிஎஸ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் இதில் வராது. தேர்வை எப்போது வைப்பது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் பெயர்கள். ரெசிடென்சி என்பது நம் ஊர் எம்டி, எம்எஸ் மாதிரியான பயிற்சிக்காலம், சம்பளத்தோடு. அங்கே மருத்துவராக உரிமம் வாங்க எழுத வேண்டிய தேர்வு யுஎஸ்எம்எல்இ, அதில் மூன்று படிகள். ஸ்டெப் 1 அடிப்படை அறிவியல், ஒரே நாளில் எட்டு மணி நேரம். ஸ்டெப் 2 சிகே நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் அறிவைச் சோதிப்பது, அதுவும் ஒரே நாள், ஒன்பது மணி நேரம். ஸ்டெப் 3 இரண்டு நாள் தேர்வு, அதைப் பெரும்பாலோர் ரெசிடென்சிக்குள் போன பிறகு எழுதுவார்கள். பழைய சீனியர்கள் யாராவது ஸ்டெப் 2 சிஎஸ் என்று சொன்னால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவுக்கே பறந்துபோய், நோயாளிகளாக நடிப்பவர்களைப் பரிசோதித்துக் காட்ட வேண்டிய தேர்வு அது. கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் மொத்தமாகக் கைவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வும் 'பாத்வே' என்ற ஆவண வழியும் இருக்கின்றன.

வெளிநாட்டில் படித்தவர்களை அவர்கள் ஐஎம்ஜி என்பார்கள். நமக்குச் சான்றிதழ் தருவது இசிஎஃப்எம்ஜி என்ற அமைப்பு. ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே, ஓஇடியோடு பாத்வே, கல்லூரியிலிருந்து சரிபார்த்த பட்டம், இவ்வளவும் சேர்ந்தால் அந்தச் சான்றிதழ் கைக்கு வரும். விண்ணப்பம் போடும் தளம் ஈராஸ். கடைசியில் யாருக்கு எந்த இடம் என்று பொருத்துவது என்ஆர்எம்பி நடத்தும் மேட்ச். அது நம் கவுன்சிலிங் மாதிரி கிடையாது. ரேங்க் வரிசையில் கூப்பிட்டு, இருக்கும் இடத்தில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்ல மாட்டார்கள். இன்டர்வியூ முடிந்ததும் நீங்கள் விருப்ப வரிசையில் ஒரு பட்டியல் தருவீர்கள், மருத்துவமனைகளும் தங்கள் பட்டியலைத் தரும், இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கும். கல்யாணப் பொருத்தம்தான், ஜாதகத்துக்குப் பதிலாக ஸ்கோர்.

வருஷம் எப்படி ஓடுகிறது

ஜூன் தொடக்கத்தில் ஈராஸ் திறக்கும். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து விண்ணப்பத்தை அனுப்பலாம். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை காலையில் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பங்கள் திறக்கும். 2023-இல் அது செப்டம்பர் 27, 2024-இல் 25, 2025-இல் 24. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இன்டர்வியூ, கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில்தான். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். மார்ச்சில் மூன்றாவது வெள்ளி மேட்ச் நாள், 2025-இல் மார்ச் 21. ஜூலை 1 வாக்கில் வேலையில் சேர வேண்டும்.

இதில் நமக்கு முக்கியம் அந்தச் செப்டம்பர் புதன்கிழமை. அன்று காலை மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க அவரால் முடியாது, அதனால் வடிகட்டி போடுவார். ஸ்டெப் 2 ஸ்கோர் இவ்வளவுக்கு மேல், ஃபெயில் ஆனவர் வேண்டாம், படித்து முடித்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர் வேண்டாம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. ஸ்கோர் என்ற கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுவீர்கள். ஸ்கோர் அக்டோபர் நடுவில் வந்து சேர்ந்து, 260 என்று இருந்தாலும், அதை யாராவது மறுபடி திறந்து பார்க்க வேண்டுமே. அழைப்புகளில் பெரும்பகுதி அக்டோபர், நவம்பரிலேயே போய்விடும்.

உள்ளூர் மாணவர்களுக்கு இந்தத் தாமதம் அவ்வளவு வலிக்காது. அவர்களுக்குக் கல்லூரியே முதுகெலும்பு. 2025 மேட்சில் அமெரிக்க எம்டி (அங்கே அது நம் எம்பிபிஎஸ் மாதிரி முதல் மருத்துவப் பட்டம்) இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐஎம்ஜி-களில் 58 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் நம் விண்ணப்பம் ஏன் முதல் நாளே முழுசாக இருக்க வேண்டும் என்று புரியும்.

சரி, பின்னோக்கி எண்ணுவோம். ஸ்டெப் 2 எழுதினால் ரிசல்ட் வர இரண்டிலிருந்து நான்கு வாரம், அதுவும் புதன்கிழமைகளில்தான் வரும். கேள்விகளைப் புதுப்பிக்கும் சமயத்தில் இதைவிடத் தாமதமாகும் என்று சில வருஷம் முன்கூட்டியே அறிவிப்பு வரும், அந்தச் சமயம் பெரும்பாலும் அமெரிக்கக் கோடையில்தான் வந்து விழும், நம் நேரம். செப்டம்பர் முதல் வாரத்தில் ஸ்கோர் கையில் இருக்க வேண்டும் என்றால் ஜூலைக் கடைசிதான் எல்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் எழுதித் தப்பித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கதையை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஜூன். ஜூனில் எழுதினால் ஸ்கோரைப் பார்த்துவிட்டு எந்தத் துறைக்கு, எத்தனை இடத்துக்கு அப்ளை பண்ணுவது என்று நிதானமாக யோசிக்கலாம். ஸ்கோர் தெரியாமல் பட்டியல் போடுவது கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஜவுளிக்கடைக்குப் போகிற மாதிரி. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் டாலரில் காசு, குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் ஒன்றுக்கான கட்டணமும் ஏறும்.

ஸ்டெப் 1 பாஸ் போதும் என்றபோது நடந்தது

2022 ஜனவரி 26-க்கு முன்பு ஸ்டெப் 1-க்கும் மூன்று இலக்க மார்க் இருந்தது. 250-க்கு மேல் வாங்க வேண்டும் என்று ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் அதையே கட்டிக்கொண்டு அழுத சீனியர்களை எனக்குத் தெரியும். அந்தத் தேதிக்குப் பிறகு பாஸ், ஃபெயில் மட்டும்தான். உடனே எல்லோரும் "பாஸ்தானே" என்று மூன்று மாதத்தில் எழுதக் கிளம்பினார்கள். அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே படித்து முதல்முறை எழுதியவர்களில் 2021-இல் 82 சதவீதம் பாஸ். 2022-இல் 74. 2023-இல் 72. நூற்றில் இருபத்தெட்டுப் பேர் ஃபெயில் ஆகும் ஒன்றை வெறும் பாஸ் தேர்வு என்று லேசாக நினைக்க முடியாது.

ஃபெயில் என்றால் மறுபடி எழுதிப் பாஸ் ஆகிவிடலாம், உண்மைதான். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது ஸ்கோர் பதிவில், எழுதின எல்லா முயற்சியும் வரும். நம் ஊரில் அரியர் கிளியர் பண்ணினால் கதை முடிந்தது. இங்கே முடியாது. ஒரு படியை மொத்தம் நான்கு முறைதான் எழுத முடியும், அதைவிட முக்கியமாக, முதல் ஃபெயிலே நிறைய இடங்களின் வடிகட்டியில் உங்களை நிறுத்திவிடும். இன்னொரு பக்கம், பாஸ் ஆகிவிட்ட தேர்வை ஸ்கோர் போதவில்லை என்று திரும்ப எழுதவும் விடமாட்டார்கள். ஸ்டெப் 2-வில் பாஸ் மார்க் 2025 ஜூலையிலிருந்து 218, அமெரிக்க மாணவர்களின் சராசரியோ 250-ஐ ஒட்டி இருக்கிறது. அவசரப்பட்டு எழுதி 222 வாங்கினால் அது பாஸ். அந்த 222 கடைசி வரை உங்களோடு வரும்.

ஆக, இரண்டு கயிறு இரண்டு பக்கம் இழுக்கிறது. காலண்டர் சீக்கிரம் எழுது என்கிறது, டிரான்ஸ்கிரிப்ட் தயாராகாமல் எழுதாதே என்கிறது. தேதியைக் காலண்டரைப் பார்த்து வையுங்கள். அந்தத் தேதியில் உட்காருவதா வேண்டாமா என்பதை மாதிரித் தேர்வைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். இரண்டும் மோதினால் அந்த வருஷ மேட்சை விட்டுவிடுங்கள். ஒரு வருஷம் போவது வலிக்கும், வீட்டில் கேள்வி வரும், சொந்தக்காரர்கள் "இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியாம்மா" என்பார்கள். அடுத்த செப்டம்பர் எப்படியும் வரும். டிரான்ஸ்கிரிப்டில் ஏறின ஃபெயிலை எதுவும் அழிக்காது.

மாதிரித் தேர்வு என்றால் என்பிஎம்இ விற்கும் பயிற்சித் தேர்வுகள். கேள்வி தயாரிப்பவர்களே வைப்பதால் அவற்றை நம்பலாம். ஸ்டெப் 1-க்கானது ஒரு சதவீதத்தையும், அடுத்த ஒரு வாரத்துக்குள் எழுதினால் பாஸ் ஆக எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சொல்லும். ஸ்டெப் 2-க்கானது மூன்று இலக்க ஸ்கோரே தரும். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒன்று, மூன்று வாரம் இருக்கும்போது ஒன்று, பத்து நாள் முன்பு ஒன்று என்று எழுதிப் பாருங்கள். கடைசி இரண்டும் ஒரே மாதிரி, பாஸ் கோட்டுக்கு நல்ல தூரம் மேலே இருந்தால் போய் எழுதுங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஆடினால் உங்கள் தயாரிப்பு இன்னும் படியவில்லை என்று அர்த்தம். நேரம் போதாதபோது சிலர் "போன மாதம் வந்த கேள்விகள்" என்று சுற்றும் பிடிஎஃப்-களைத் தேடிப் போவார்கள். 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய பல தேர்வர்களின் ஸ்கோர்களை யுஎஸ்எம்எல்இ செல்லாது என்று அறிவித்தது நினைவிருக்கட்டும்.

தேதி வைக்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. பதிவு செய்யும்போது மூன்று மாத ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், மே முதல் ஜூலை வரை என்பது மாதிரி. அனுமதிச் சீட்டு வந்ததும் அதற்குள் ஒரு நாளை, தேர்வு நடத்தும் ப்ரோமெட்ரிக் மையத்தில் பிடிக்க வேண்டும், சென்னையிலேயே மையம் உண்டு. அந்த மூன்று மாதத்தை ஒரே ஒரு முறை, அடுத்த மூன்று மாதத்துக்கு, காசு கட்டி நீட்டலாம். அதிலும் எழுதாவிட்டால் கட்டின பணம் போச்சு, அதுவோ ஒரு தேர்வுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். ஜன்னலைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் எழுத நினைக்கும் மாதம் அதன் நடுவில் வருகிற மாதிரி பாருங்கள், கடைசி மாதமாக வைத்தால் தள்ள இடமே இருக்காது. தேதி நெருங்க நெருங்க மாற்றும் கட்டணமும் கூடும்.

கயலின் காலண்டர்

கயல் என்று ஒருத்தியைக் கற்பனை பண்ணிக்கொள்வோம். ஏதோ ஒரு அரசு மருத்துவக் கல்லூரி, 2026 மார்ச்சில் ஃபைனல் இயர் முடித்து சிஆர்ஆர்ஐ தொடங்கி, 2027 மார்ச்சில் முடிக்கிறாள். அவள் எந்த மேட்சைக் குறிவைக்கலாம்?

2027 மார்ச் மேட்ச் என்றால் 2026 செப்டம்பரிலேயே அப்ளை பண்ண வேண்டும். சிஆர்ஆர்ஐ பாதியில் இருக்கும்போது இரண்டு ஸ்டெப்பும் முடிந்திருக்க வேண்டும். ஃபைனல் இயரிலேயே ஸ்டெப் 1 எழுதின சூரர்களுக்கு இது நடக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பட்டம் கைக்கு வந்து, கல்லூரி சரிபார்த்து அனுப்பினால்தான் இசிஎஃப்எம்ஜி சான்றிதழ். மார்ச்சில் இன்டர்ன்ஷிப் முடித்து, பட்டம் வாங்கி, ஜூலை 1-க்குள் சான்றிதழும் விசாவும் எடுப்பது கத்தி மேல் நடப்பது. முடியாது என்று சொல்லவில்லை, பல்கலைக்கழகம் உங்கள் அவசரத்துக்கு ஓடாது என்று மட்டும் சொல்கிறேன்.

கயலுக்குப் பொருந்துவது 2028 மார்ச் மேட்ச். அப்படியானால் 2027 செப்டம்பரில் விண்ணப்பம், 2027 ஜூனில் ஸ்டெப் 2. சிஆர்ஆர்ஐ மார்ச்சில் முடிவதால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் முழுநேரம் படிக்கக் கிடைக்கும், வார்டில் ஒரு வருஷம் நின்ற அனுபவமும் கூட இருக்கும். ஸ்டெப் 1? அது சிஆர்ஆர்ஐ-க்குள் முடிய வேண்டும், நவம்பர் டிசம்பர் வாக்கில். கேஷுவாலிட்டியிலும் லேபர் வார்டிலும் நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து பயோகெமிஸ்ட்ரி படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், தலையணையில்தான் முடியும். கம்யூனிட்டி மெடிசின், கண், ஈஎன்டி மாதிரியான போஸ்டிங்குகள் எப்போது வருகின்றன என்று பட்டியலைப் பார்த்து, முக்கியமான படிப்பை அங்கே வையுங்கள். முடிந்தால் சகாக்களோடு பேசி போஸ்டிங் வரிசையையே மாற்றிக்கொள்ளுங்கள். பயோகெமிஸ்ட்ரியும் பிசியாலஜியும் முதல் வருஷத்தில் படித்தது, வருஷம் போகப் போக மறந்துகொண்டே இருக்கும். இதனால்தான் மூன்றாம் வருஷத்திலோ ஃபைனல் இயருக்கு முன்போ ஸ்டெப் 1 முடிப்பது நல்லது என்று சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

கயல் சிஆர்ஆர்ஐ முடியும்வரை எதையும் எழுதவில்லை என்று வையுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் இரண்டு தேர்வு, ஓஇடி, பரிந்துரைக் கடிதம், எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று தோன்றும். பேப்பரில் அழகாகத்தான் இருக்கும். அவள் என் தங்கையாக இருந்தால் 2029 மேட்சுக்குத் தள்ளச் சொல்வேன். இடையில் கிடைக்கும் நேரத்தில் ஒரு வேலை, கொஞ்சம் காசு, அமெரிக்காவில் ஒன்றிரண்டு மாதம் அப்சர்வர்ஷிப், அதாவது அங்கே ஒரு டாக்டரோடு கூடவே நின்று வேலையைப் பார்ப்பது. அந்த அப்சர்வர்ஷிப்புக்கு விசா இன்டர்வியூ கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள். அங்கே வாங்கும் பரிந்துரைக் கடிதங்களும் செப்டம்பருக்குள் ஈராஸில் ஏறியிருக்க வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். கடிதம் எழுதும் டாக்டர்கள் உலகத்தில் எங்குமே அவசரப்படுவதில்லை.

நம் ஊர் எம்டி, எம்எஸ் நுழைவுத் தேர்வான நீட் பிஜியையும் சேர்த்து எழுதலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். 2024-இல் அது ஆகஸ்ட் 11, 2025-இல் ஆகஸ்ட் 3. ஸ்டெப் 2 எழுத வேண்டிய அதே சமயம். பாடங்கள் ஒன்றுதான் என்றாலும் கேள்வியின் குணம் வேறு. ஒன்று நினைவிலிருந்து சட்டென்று எடுக்கச் சொல்லும், இன்னொன்று அரைப் பக்கக் கதையைப் படித்து அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்று இரண்டிலும் சுமாராக வந்தவர்கள்தான் அதிகம். வீட்டு நிலைமை காரணமாக இரண்டையும் எழுதியே ஆக வேண்டும் என்றால், ஸ்டெப் 1 முடிந்த பிறகு ஒரு வருஷத்தை நீட்டுக்கும், அடுத்ததை ஸ்டெப் 2-வுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெயரில் இனிஷியல் இருக்கிறதா?

இருக்கும், நாம் தமிழர்கள். இதற்கும் தேர்வுத் தேதிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். எம்பிபிஎஸ் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும். அல்லது குடும்பப் பெயரே காலியாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு வடிவம். தேர்வுப் பதிவில் ஒரு பெயர், ப்ரோமெட்ரிக் வாசலில் நீட்டும் பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் உள்ளே விடமாட்டார்கள், தேர்வு போச்சு, பணமும் போச்சு. பட்டத்தில் பெயர் வேறாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு ஆவணம் கேட்பார்கள். என் விஷயத்தில் ஒரு இனிஷியலை விரிப்பதற்கு ஏழு வாரம் ஆனது. கல்லூரி அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு நான்கு நாள் நடந்தேன், அதிலும் ஒருநாள் மேஜையில் ஆள் இருந்தும் முத்திரை பீரோவுக்குள் இருந்தது, சாவி லீவில் இருந்தது.

ஆகவே முதல் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு ஆறு மாதம் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிபண்ணுங்கள், எல்லாப் பதிவும் பாஸ்போர்ட் எப்படிச் சொல்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து, ஒரு இடைவெளி மாறாமல். அப்புறம் கல்லூரியிலிருந்து போக வேண்டிய எம்எஸ்பிஇ என்ற டீன் கடிதம், மார்க் பட்டியல், இவற்றை ஜூனிலேயே கேட்டுவிடுங்கள். இதற்கு முன் யாருக்கும் அனுப்பாத கல்லூரி என்றால் அது என்ன கடிதம் என்று விளக்குவதிலேயே ஒரு வாரம் போகும். முந்தைய பேட்சில் அனுப்பின சீனியரின் மாதிரி ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் வேலை சுலபம்.

ஓஇடி பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுவதில் 300, ஒரே அமர்வில் வர வேண்டும். ஸ்டெப் 2 படிக்கும் நடுவில் ஒரு வார இடைவெளி எடுத்து எழுதுகிறவர்கள் உண்டு, நான் அதற்கு முன்பே முடித்துவிடச் சொல்வேன். பேசுவதில் நன்றாக வருபவர்கள்கூட ரெஃபரல் கடிதம் எழுதும் பகுதியில் சறுக்குகிறார்கள், அதற்கு மட்டும் கொஞ்சம் பழகுங்கள். பாத்வே விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 31 வாக்கில் வரும், அதுவரை இழுக்காதீர்கள்.

ஸ்டெப் 3-ஐ முன்கூட்டியே எழுத வேண்டுமா என்பது விசாவைப் பொறுத்தது. ஜே1 என்ற பயிற்சிப் பரிமாற்ற விசாவில் போவதற்கு அது தேவையில்லை. அதில் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் ஊர் திரும்ப வேண்டும், அல்லது அதற்கு விலக்கு வாங்க வேண்டும். எச்1பி என்ற வேலை விசாவில் ரெசிடென்சி தொடங்க ஸ்டெப் 3 பாஸாகி இருக்க வேண்டும், அந்தத் தேர்வோ அமெரிக்க மண்ணில் மட்டும்தான் நடக்கும், இசிஎஃப்எம்ஜி சான்றிதழ் வந்த பிறகுதான் எழுத முடியும். முன்பெல்லாம் நவம்பர், டிசம்பரில் போய் எழுதிவிட்டு, பட்டியல் கொடுப்பதற்குள் ரிசல்ட்டை அனுப்புவார்கள். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய எச்1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவு பணம் கட்டி ஒரு ரெசிடென்டை எடுக்க எத்தனை மருத்துவமனைகள் முன்வரும்? ஆகவே எச்1பி-க்காக மட்டும் ஸ்டெப் 3-க்கு ஓடுவதற்கு முன், நீங்கள் குறிவைத்திருக்கும் இடங்கள் அந்த விசாவை இந்த வருஷம் தருகின்றனவா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். ஸ்டெப் 2 ஸ்கோர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தவர்கள் அதைச் சமன்செய்ய ஸ்டெப் 3 எழுதுவதும் உண்டு. அது ஓரளவுக்கு உதவும், ஓட்டையை மூடாது.

இவ்வளவையும் மீறி செப்டம்பர் வந்துவிட்டது, ஸ்டெப் 2 ஸ்கோர் வரவில்லை என்றால்? தேர்வு எழுதியாகிவிட்டது, ரிசல்ட் இரண்டு வாரத்தில் வரும் என்றால் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், ஸ்கோர் வந்த அன்றே டிரான்ஸ்கிரிப்ட் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று ஈராஸில் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். தானாகப் போயிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள், புது ஸ்கோர் வந்தும் பழைய டிரான்ஸ்கிரிப்டே பல வாரம் கிடந்த கதை எங்கள் பேட்சிலேயே உண்டு. தேர்வே இன்னும் எழுதவில்லை, நவம்பரில்தான் தேதி என்றால், விதி அனுமதிக்கிறது. பட்டியல் கொடுக்கும் நாளுக்குள் தேவையான தேர்வுகள் எல்லாம் பாஸாகியிருந்தால் மேட்சில் நிற்கலாம். பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: உங்கள் பட்டியலில் இருக்கும் இடங்களின் தளத்துக்குப் போய், விண்ணப்பிக்கும்போதே ஸ்டெப் 2 வேண்டும் என்று எழுதியிருப்பவற்றை அடித்துவிட்டு, மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு ஐந்து, பத்துதான் தேறும் என்றால் நவம்பர்த் தேதியை அடுத்த மேட்சுக்கான தேதியாக வைத்துக்கொண்டு படிக்க உட்காருங்கள்.